வள்ளி திருமணத்துக்கு எத்தனை முருகன்?

ஐயா,

பாபநாசம் வட்டத்தில் எங்கள் ஊர். சித்திரையில் மாரியம்மன் திருவிழா. முன்பெல்லாம் ஊர்க்காரர்களே வேஷம் கட்டி வள்ளி திருமணம் போடுவார்கள். நாடக வாத்தியார் காலமானதும் நின்றுபோனது. இப்போது ஆடல் பாடல் நிகழ்ச்சிதான். போன வருஷம் அன்றிரவே இரண்டு தெருப் பையன்களுக்குள் அடிதடி, போலீஸ் வந்தது. நாடகத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் ஊர் ஒன்றாகுமா? எங்கே தொடங்குவது? பழைய ஹார்மோனியம் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நாடகம் பார்த்து எந்த ஊரும் ஒன்றானதில்லை, ஒத்திகையில் ஆகியிருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், கோமாளியான பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாக வந்து நேரே மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகையே கிடையாது, அவ்வளவு தேர்ச்சி. கலை என்று பார்த்தால் உயர்ந்த சரக்கு. ஆனால் பணம் கொடுத்து அதை வரவழைத்தால் உங்கள் ஊருக்கு மிச்சமிருக்கும் வேலை பாய் விரித்து உட்காருவது மட்டுமே. ஆடல் பாடலிலும் அதேதான். உங்களுக்குத் தேவை, சுமாராகப் பாடும் உள்ளூர் முருகன்.

கலை தானாகவே ஆட்களைச் சேர்த்துவிடும் என்றும் நம்பாதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே திருவையாறு இருக்கிறது. தியாகராஜர் ஆராதனை நெடுங்காலம் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து கிடந்தது. பெண்களுக்குப் பாட இடமில்லை. சமாதிக்குக் கோயில் எழுப்பிய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளே தனியாகப் பெண்கள் கட்சி ஒன்றை நடத்த வேண்டியிருந்தது. 1940 வாக்கில்தான் மூன்றும் ஒன்றாயின. இன்று எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் முறை அதற்குப் பிறகு நிலைத்தது. கோஷ்டியில் யார் முதலில் பாடுவது என்ற சண்டைக்கு வழியில்லை.

இரண்டு தெரு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எந்தெந்தத் தெரு என்று எழுதவில்லை. டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குடியானத் தெருவும் தலித் மக்களின் காலனித் தெருவும் என்றால், முதலில் தீர்க்க வேண்டியது தலைக்கட்டு வரி, அதாவது திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் பணம். ஒரு தெருவில் வரி வாங்காமல் விட்டுவிட்டு, ‘வரி கொடுக்காதவனுக்கு மேடையில் என்ன பேச்சு’ என்று கேட்பது பழைய தந்திரம். நாடகத்துக்குத் தனி வரி போடுங்கள், எல்லாத் தெருவிலும் ஒரே தொகை. பெண்கள் நடத்தும் வீட்டையும் ஒரு தலைக்கட்டாகக் கணக்கில் சேருங்கள். தப்பு என்கிற பறை அடிப்பவர்களைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தாமல் ஹார்மோனியக்காரர் பக்கத்தில் உட்காரவைத்து அவருக்குத் தருகிற மரியாதையோடு சம்பளம் கொடுங்கள். இதற்கு ஊர்க்கூட்டம் ஒத்துக்கொள்ளாவிட்டால் நாடகத்தை இந்த வருஷம் தொடாதீர்கள். பிரிவினைக்கு மேடை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வள்ளி திருமணம் நல்ல தேர்வு. ஒரே முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், கடைசியில் முருகனாக நிற்கிறான். மூன்றையும் ஒரே பையனுக்குக் கொடுக்காதீர்கள். மூன்று தெருவிலிருந்து மூன்று பேர். நாரதர், நம்பிராஜன், பபூன், தோழிகள் வேறு இருக்கிறார்கள். வள்ளியை விரட்டும் யானையை மூங்கில் பிளாச்சும் சாக்கும் கொண்டு கட்டும் வேலையை, நடிக்க வெட்கப்படுகிறவர்களிடம் விடுங்கள். உள்ளே இரண்டு பேர் குனிந்து நடக்கிற உயரம் போதும். வாசல் அகலத்தை அளந்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யானை, அதைக் கட்டிய வீட்டைவிட்டு வெளியே வராது.

நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம்தான் புதியவர்களுக்குப் பொறி. தொழில்முறைக் கலைஞர்கள் அதை நினைத்த நேரம் வரை நீட்டுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் திணறிப் போவார்கள். பத்துக் கேள்வி, பத்துப் பதில் என்று எழுதி முடித்துவிடுங்கள். மொத்தம் மூன்று மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். விடிய விடிய நடத்த ஆசை இருக்கும். ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆறரைக்குத் தொடங்கினால்தான் ஒன்பதரைக்கு முடியும். காவல் நிலையத்தில் அனுமதியை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், போன வருஷச் சண்டைக்குப் பிறகு அது எளிதாகக் கிடைக்காது.

ஒத்திகைக்கு நாற்பது மாலைகள் வேண்டும். சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது, அதற்குப் பிறகு ஆட்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அப்போது ஆரம்பியுங்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குச் சின்ன வேஷம் கொடுத்துக் கடைசி வாரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் திருவிழாவுக்கு மட்டும் வருகிறவர்களுக்கும் அப்படியே வேடர் கூட்டம், விளக்கு, திரை.

முதல் பத்து நாள் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. வட்டமாக உட்கார்ந்து வாசிப்பும் பாட்டும் மட்டும். பழைய வாத்தியார்கள் அவரவர் வசனத்தை மட்டும் எழுதிக் கொடுப்பதுண்டு. அப்படிச் செய்தால் எதிராளி என்ன சொன்னதும் தான் பேச வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது, மேடையில் ஒருவர் ஒரு வரி தாண்டினால் எல்லோரும் ஊமையாவார்கள். முழுப் பிரதியையும் எல்லோருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். வேஷத்தை மாற்றி மாற்றி வாசிக்கவும் வையுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் கட்டிக்கொள்ளலாம். போன வருஷம் கைகலந்த இருவரில் ஒருவரது வசனத்தை மற்றவர் படிக்கும் நாளும் வரும். அதை யாரும் சொல்லிக் காட்ட வேண்டாம்.

சுருதிதான் அடுத்த தொல்லை. நாடக ஹார்மோனியக்காரர்கள் நான்கு, ஐந்து கட்டையில், அதாவது உயர்ந்த சுருதியில், பழகியவர்கள். பையன்களை அங்கே இழுத்தால் மூன்றாம் நாளே தொண்டை கட்டும். ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை, பெண் பிள்ளை வள்ளியானால் ஐந்து, ஐந்தரை. ஆகவே இருவரும் சேர்ந்து பாடும் பாட்டை வசனமாக்குங்கள், அல்லது ஆளுக்கொரு சரணமாகப் பிரித்து நடுவில் சுருதி மாற்ற ஹார்மோனியத்துக்கு நான்கு வரி இடம் விடுங்கள். பெண் பிள்ளைகள் வர வேண்டுமென்றால் ஒத்திகையை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். இடம் பள்ளிக்கூடமாக இருக்கட்டும், யாருடைய வீட்டுத் திண்ணையும் வேண்டாம்.

முகத்துக்குப் பூசும் பழைய மஞ்சள் பொடியான அரிதாரத்தை யாராவது எடுத்து வந்தால் வாங்காதீர்கள், அதில் ஆர்சனிக் உண்டு. கடையில் விற்கும் மேக்கப் போதும். முதலில் மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய், கலைக்கும்போதும் அதே எண்ணெய். சோப்பில் தொடங்கினால் வண்ணம் தோலில் இழுத்துக்கொள்ளும்.

நாடகம் முடிந்த மறுநாளே வரவு செலவைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த சண்டை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கும். வேஷப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவிகள் இரண்டு தெருவில்.

ஹார்மோனியத்தை இந்த வருஷம் வாங்காதீர்கள். பழைய பெட்டியில் துருத்தித் தோல் வெடித்திருக்கும், ரீடு இறங்கியிருக்கும். எல்லாக் கட்டையையும் அழுத்திப் பார்க்கத் தெரிந்தவர் உங்களிடம் இன்னும் இல்லை. வாசிப்பவரைப் பெட்டியோடு கடைசிப் பத்து நாளுக்கு அமர்த்துங்கள். அதுவரை கைபேசிச் சுருதிப்பெட்டி போதும்.