பிழியும் துணியும் தவப்பூனையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் எங்கள் வழிகாட்டி ‘அர்ஜுனன் தபசு’ என்றார். பக்கத்தில் நின்ற குழுவுக்கோ அது ‘பகீரதன் தவம்’. ஒரே கல்லுக்கு இரண்டு கதை என்றால், பொருள் என்பது பார்ப்பவர் ஏற்றிச் சொல்வதுதானே? கவிதைக்கும், மனிதர்களின் நடத்தைக்கும் அப்படித்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்படியில்லை. அந்தக் கல்லே அதற்குச் சாட்சி.

7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பம் அது. இன்னார் தவம் என்று சொல்லும் கல்வெட்டு கிடையாது. விலா எலும்பு தெரிய ஒருவர் ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கிறார்; எதிரே நான்கு கைகளோடு சிவன் வரம் தருகிறார். பாசுபதம் என்ற அஸ்திரத்தைக் கேட்ட அர்ஜுனனுக்கும், வானிலிருந்து இறங்கும் கங்கையைத் தாங்கும்படி வேண்டிய பகீரதனுக்கும் இதுவரை பொருந்தும்.

இனி நடுவில் உள்ள பிளவைப் பாருங்கள். அதில் நாகர்கள் மேல்நோக்கி நீந்துகிறார்கள். உச்சியில் நீர் தேக்கி விட்டதற்கான தடம் இருக்கிறது. பிளவை ஒட்டிக் கீழே ஒரு சிறு கோயில். அதன் அருகே ஒருவன் ஈரத்துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிகிறான். ஆற்றில் குளித்து எழுந்தவன். அவனைப் பார்த்த பிறகு என் மனம் கங்கையின் பக்கம்தான் சாய்கிறது. அர்ஜுனன் தவம் செய்த இமயத்திலும் ஆறு உண்டே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்பவரும் கல்லைக் காட்டித்தான் கேட்கிறார்.

சிற்பிகள் இரண்டையும் நினைத்தே செதுக்கினார்கள் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. நமக்கு அது புதிதல்ல, சிலேடைதான். ‘நஞ்சிருக்கும் தோலுரிக்கும்’ என்று காளமேகம் தொடங்கும் வெண்பா பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பொருந்தும்: பாம்பில் நஞ்சு இருக்கும், பழம் நைந்திருக்கும். யானைக்குப் பொருத்திப் பாருங்கள், முதல் அடியிலேயே நின்றுவிடும். இரண்டு பொருள் தரும் சொல் எல்லாப் பொருளும் தரும் சொல் ஆகிவிடாது.

நடத்தை பற்றிக் கேட்டீர்கள். பெரிய யானையின் அருகே ஒரு பூனை இருக்கிறது, கவனித்தீர்களா? அதுவும் நிமிர்ந்து நின்று முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது, மேலே நிற்கும் தவசியைப் போலவே. அதைச் சுற்றி எலிகள். கங்கைக் கரையில் தவவேடம் பூண்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில், உத்தியோக பருவத்தில் வருகிறது. கைகளை மட்டும் பார்த்தால் இருவரும் முனிவர்கள். எலிகளையும் பார்த்தவருக்குத்தான் பூனை யாரென்று தெரியும். ஒருவர் பேசாமல் இருந்தால் உடனே கர்வம் என்கிறோம், கோபம் என்கிறோம். அவரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. நம் அவசரத்தை அவருடைய குணமாக எழுதிவிடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

மறுபடி போனால் காலையில் போங்கள். பாறை கிழக்கு நோக்கியது, வெயில் நேராக விழும். வழிகாட்டி வருவதற்கு முன் துணி பிழிபவனைத் தேடிக் கண்டுபிடியுங்கள். எனக்கு அவன் கண்ணில் பட மூன்று முறை போக வேண்டியிருந்தது.