பென்ஷனில் அடங்காத செலவு

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது. அப்பா அரசுப் பணியில் இருந்ததால் குடும்ப ஓய்வூதியம் 14,000 ரூபாய் வருகிறது. தனியார் பள்ளியில் 16,000 சம்பளத்தில் இருந்த என் மனைவி, வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். ஹோம் நர்ஸ் ஏஜென்சியில் பகலுக்கு மட்டும் மாதம் 18,000, இரவும் சேர்த்தால் 28,000 கேட்கிறார்கள். சென்னையில் இருக்கும் அண்ணனும் துபாயில் இருக்கும் தங்கையும் ‘பென்ஷன்தான் வருதே’ என்கிறார்கள். மனைவி எதுவும் சொல்வதில்லை, ஆனால் முன்பு போல இல்லை. என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது பொய்யில்லை. அதுதான் சிக்கலே. கடையில் வாங்குவதை மட்டும் கூட்டிப் பாருங்கள். டயப்பர் நாளுக்கு நான்கு, ஒன்று 35 ரூபாய் என்றால் மாதம் 4,200. மருந்து 3,000 என்று வைப்போம். பிசியோதெரபிஸ்ட் வாரம் இரண்டு முறை வந்தால், தடவைக்கு 500 வீதம் 4,000. கையுறை, ரப்பர் ஷீட், சலவை, கூடுதல் கரண்டு பில் எல்லாம் சேர்ந்து 2,000. மொத்தம் 13,200. பென்ஷனில் 800 ரூபாய் மிச்சம்கூட வருகிறது!

இந்தக் கணக்கில் உங்கள் மனைவியைக் காணோம். அவர் செய்யும் பகல் வேலைக்கு ஏஜென்சி சொன்ன விலை 18,000. இரவுக்கு, இரவும் சேர்த்துக் கேட்ட 28,000-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், 10,000. இதையும் சேர்த்தால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு மாதம் 41,200. பென்ஷனைக் கழித்தால் 27,200. மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 9,000 சொச்சம். அண்ணன் பங்கும் தங்கை பங்கும் சேர்ந்தால் பகல் ஆளின் சம்பளம் வந்துவிடுகிறது. மனைவி மீண்டும் வேலைக்குப் போகலாம். மிச்சமிருக்கும் இரவு வேலை உங்கள் பங்கு. உங்களுடையது, மனைவியுடையது அல்ல.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டு நாள் கழித்து மூவரும் ஒரே அழைப்பில் பேசுங்கள். பணமாகத் தர முடியாதவர் நாளாகத் தரட்டும்: வருடத்தில் இரண்டு முறை, பத்துப் பத்து நாள் வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளலாம். பணம் தனிக் கணக்கில் வரட்டும். மாதக் கடைசியில் பில்களின் படம் எல்லோருக்கும் போகட்டும். வீடு, நிலம் பேச்சை அன்று எடுக்கவே எடுக்காதீர்கள்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தும் பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை பெற வழி உண்டு. ஆனால் மனுப் போட்ட அன்றோடு உடன்பிறப்பு உறவு முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசிக்கும் கடைசியாக அதை வையுங்கள்.

செலவைக் குறைக்கவும் இடமிருக்கிறது. பிடித்தால் உட்கார முடிகிறவர் என்றால், பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கமோடு நாற்காலியில் உட்கார வையுங்கள். பழகிவிட்டால் டயப்பர் இரவுக்கு மட்டும் போதும், செலவு பாதியாகும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பிசியோதெரபியும் அதில் உண்டு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். மற்ற மருந்துகளை முதல்வர் மருந்தகத்தில் விசாரியுங்கள். குறைக்கக் கூடாதது ஆல்ஃபா பெட், அதாவது படுக்கைப் புண் வராமல் தடுக்க பம்ப் வைத்துக் காற்றடிக்கும் மெத்தை. படுக்கைப் புண் ஆழமாகிவிட்டால் ஆகும் செலவில் அதைப் பலமுறை வாங்கிவிடலாம்.

ஆல்ஃபா பெட் வாங்கியும் புண் வந்தது என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் காற்றுதான் பிரச்சினை. இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கு எலும்பு தட்டுப்பட்டால் காற்று போதவில்லை. மேலே நாலு மடிப்புப் போர்வை விரித்தால் அது மெத்தையே இல்லை. ஒற்றைப் பருத்தித் துணி போதும். பம்பை இன்வெர்ட்டரில் இணையுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதை இந்த மெத்தை இருந்தாலும் விடக் கூடாது. தோல் சிவக்காமல் இருந்தால் இரவில் நான்கு மணி இடைவெளி விடலாம்: பத்து, இரண்டு, ஆறு. அந்த இரண்டு மணி அலாரம் உங்கள் போனில் அடிக்கட்டும். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், உள்ளே திசு இன்னும் கெடும். விழுந்த கையைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம், தோள்பட்டை இறங்கிவிடும்.

ஹோம் நர்ஸ் என்று பெயரே தவிர, வருகிறவர்களில் பலர் நர்ஸ் படிப்பு படித்தவர்கள் அல்ல. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, திருப்பிப் போடுவது என்று வேலைகளை ஏஜென்சியிடம் எழுதி வாங்குங்கள். ஆள் வராத நாளுக்கு மாற்று யார், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஆதார் நகல் வாங்குங்கள். அம்மாவின் செயினையும் தோட்டையும் முதல் நாளே கழற்றி வைத்துவிட்டால், பிறகு யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்காது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்களும் ஊருக்குப் போவார்கள். அண்ணன் வந்து தங்குவதை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை சில. பவர் பத்திரம் எழுதி வைத்தாலும், நினைவு தவறினால் அது செல்லாது. பிறகு வீட்டை விற்று வைத்தியம் பார்ப்பதற்குக்கூட நீதிமன்றம் போக நேரும். எனவே பென்ஷன் தவிர்த்த வங்கிக் கணக்குகளில் இப்போதே உங்களில் ஒருவரைச் சேருங்கள். கையெழுத்து வராதவரின் பெருவிரல் அல்லது கால்விரல் ரேகையை, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன் ஏற்றுப் பணம் தர ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது; தெரியாத கிளையில் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டை ஒருவர் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதுவதாக இருந்தால், ‘அம்மாவைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். மீறினால் ரத்து செய்யக் கேட்க அதே 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு உதவும்.

மாநில அரசு ஓய்வூதியம் என்றால் மருத்துவக் காப்பீட்டுக்கு மாதாமாதம் பிடித்தம் இருக்கும். அந்த அட்டையைத் தேடி வையுங்கள். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் உதவும். டயப்பருக்கும் ஹோம் நர்ஸுக்கும் தராது. புரையேறி நிமோனியா, சிறுநீர்த் தொற்று என்று திடீர் அட்மிஷன் வரும், அதற்கு 50,000 ரூபாயாவது தனியே இருக்கட்டும்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அம்மா காரணமில்லாமல் அழுதாலோ சாப்பிட மறுத்தாலோ அதைப் பிடிவாதம் என்று எண்ணாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

மனைவியிடம் ‘எப்படி இருக்கே’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றுதான் வரும். ‘கடைசியா எப்ப முழு ராத்திரி தூங்கினே? எப்ப தனியா வெளியே போனே?’ என்று கேளுங்கள். அம்மாவின் மேல் கை ஓங்கத் தோன்றியதா என்பதையும், குற்றம் சாட்டும் குரல் இல்லாமல், கேட்கத்தான் வேண்டும். பார்த்துக்கொள்கிற பலருக்கும் அது தோன்றும். வெளியே சொல்லப் பயம். அப்படி இருந்தால் பகல் ஆள் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரை வீட்டுக்கு வெளியே அனுப்புங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அவர் தயங்கினால் முதல் அழைப்பை நீங்கள் செய்யுங்கள், உங்களுக்காக.