எள் மூட்டை ஏலம் போன பிறகு – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிவகிரி வட்டாரத்தில் எள்ளும் மஞ்சளும் பயிரிடுகிறேன். பி.எஸ்சி. வேளாண்மை முடித்த என் மகள், இங்கிலாந்தில் சர்வதேச உணவு மற்றும் வேளாண் வணிக மேலாண்மை என்னும் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேர விரும்புகிறாள். பயிர்த்தொழில் தெரிந்தவளுக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? இரண்டு ஏக்கரை அடமானம் வைத்து அனுப்பலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் எள்ளையே எடுத்துக்கொள்வோம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டையைப் பிரித்ததும், வியாபாரி ஒரு பிடி எள்ளை உள்ளங்கையில் பரப்பி, நிறத்தையும் ஈரத்தையும் கல், மண் கலப்பையும் பார்த்துவிட்டு, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார். அதிக விலை எழுதியவருக்கு மூட்டை போகிறது. நீங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள். உங்கள் மகள் படிக்க விரும்பும் பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2020 செப்டம்பரில், இந்தியாவிலிருந்து சென்ற எள்ளில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் இருப்பதாகப் பெல்ஜியம் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு அறிவித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளை அழிப்பதற்காகச் சேமிப்புக் கட்டத்தில் செலுத்தப்படும் வாயு அது. அமெரிக்காவில் எள்ளில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை அதன் எச்சத்தை அனுமதிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு வெறும் 0.05 மில்லிகிராம். அதாவது, ஒரு துறைமுகத்தில் தடையின்றி இறங்கக்கூடிய அதே சரக்கு, இன்னொரு துறைமுகத்தில் 140 மடங்கு வரம்பு மீறியதாகிவிடும். எள் தூவிய ரொட்டி முதல் பிஸ்கட் வரை கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அந்த அக்டோபரிலேயே, இந்திய எள் சரக்குகளில் பாதியை எல்லையில் சோதிப்பது என்றும், ஒவ்வொரு சரக்குடனும் ஆய்வறிக்கையும் அரசுச் சான்றிதழும் வரவேண்டும் என்றும் ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. எள் விளைவித்தவர் தம் வயலில் அந்த வாயுவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் சோதனைக்கு ஆகும் செலவையும் தாமதத்தையும் கணக்கிட்டுத்தானே ஏற்றுமதியாளர் அடுத்த ஏலத்தில் சீட்டு எழுதுவார்?

எந்தச் சரக்கை எந்த நாட்டின் விதிக்கு ஏற்பத் தயாரிப்பது, அது எந்த வயலிலிருந்து வந்தது என்பதற்கான பதிவுகளை எப்படி வைத்திருப்பது, அந்நியச் செலாவணி ஏறி இறங்கினால் யார் கை சுடும், ஒப்பந்தத்தில் எந்தச் சொல் எவரைக் காக்கும் என்பனவே இந்தப் படிப்பின் உள்ளடக்கம். கடைசியாகச் சொன்னது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் தொழிலில் பழகியவர்களே தடுமாறும் இடம் அதுதான். ‘சி.ஐ.எஃப்.’ விலையில் விற்றால் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டுத் தொகையையும் விற்பவர் செலுத்துகிறார்; அதனால் சரக்கு போய்ச் சேரும்வரை இழப்பும் அவரையே சாரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சரக்கு கப்பலில் ஏறிய கணத்திலேயே இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. ஏறத்தாழ 13 டிகிரி குளிரில் செல்லவேண்டிய வாழைக்காய்ப் பெட்டகத்தில் (கன்டெய்னரில்), நடுக்கடலில் குளிர் கூடித் தோல் கறுத்துப்போனால், வழக்கு முழுவதும் ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரியையும், பெட்டகத்துக்குள் வைத்த வெப்பப் பதிவுக் கருவியையும் பற்றியதாகவே இருக்கும்.

ஆகவே, கற்க நிறைய இருக்கிறது. அடமானம் வைப்பதைப் பற்றி மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. சைரன்செஸ்டரில் 1845-இல் தொடங்கிய அரச வேளாண் பல்கலைக்கழகம், 1901-இல் தொடங்கிய ஹார்ப்பர் ஆடம்ஸ் போன்றவை வேளாண்மைக்கென்றே உள்ள மதிப்புமிக்க நிறுவனங்கள்தாம். ஆனால் ஓராண்டுப் படிப்பு என்பது, வீடு பிடித்து, குளிருக்குப் பழகி நிமிர்வதற்குள் பாதி கடந்துவிடும் படிப்பு. படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேடுவதற்கான விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டாண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அந்தக் காலத்துக்குள் கடனை அடைத்துவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால், அவர் உங்கள் மகளைச் சேர்த்துவிட்டுத் தரகு வாங்குபவராக இருக்கக்கூடும்.

முதலில் இரண்டாண்டுகள் எள், மசாலா அல்லது வாழை ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில், குறிப்பாகத் தரக்கட்டுப்பாடு அல்லது ஆவணப் பிரிவில், அவர் வேலை பார்க்கட்டும். திருப்பி அனுப்பப்பட்ட ஒரு சரக்கின் கோப்பைத் தம் கையால் புரட்டியவருக்கு, வகுப்பில் சொல்லப்படுவது வேறு விதமாகக் கேட்கும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதும் எழுதுவதற்குச் செய்தி இருக்கும். அதற்கிடையில், மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான, நவம்பரில் நடக்கும் கேட் (CAT) தேர்வையும் எழுதலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான மேனேஜ், 1996 முதல் வேளாண் வணிக மேலாண்மையில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. அகமதாபாத், லக்னோ ஐ.ஐ.எம்.களிலும் இத்துறைக்கெனத் தனிப் படிப்புகள் உண்டு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. படிப்பு உங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில்தான் இருக்கிறது. அருகில் இருப்பதாலேயே அதைக் குறைவாக நினைப்பது நம்மவரின் பழைய வழக்கம்.

கேள்வி: நான் பி.காம். முடித்தவன். வேளாண்மைப் பட்டம் இல்லாமல் இத்துறையில் நுழைய முடியுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியும், ஆனால் எல்லா வாசல்களும் திறந்திருக்கவில்லை. மேனேஜ் நிறுவனம் வேளாண்மை மற்றும் அதைச் சார்ந்த பட்டங்களையே கேட்கிறது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் உணவு, வேளாண் வணிகப் படிப்புக்கு, இத்துறையில் உண்மையான ஈடுபாடுள்ள பிற பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். அந்த ஈடுபாட்டை நேர்காணலில் நீங்கள் மெய்ப்பிக்கவேண்டியிருக்கும். குஜராத்தின் ஆனந்த் நகரில் 1979-இல் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனமான இர்மாவும், அது 2025-இல் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக மாற்றப்பட்டிருந்தாலும், உங்களைப் போன்றவர்கள் பார்க்கவேண்டிய இடமே. நேர்காணலுக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் ஊர் வெங்காயப் பேட்டையில் விடியற்காலையில் போய் நின்று, மூட்டைக்கு எவ்வளவு கழிவு, எத்தனை சதவீதம் கமிஷன், யாருக்கு எத்தனை நாள் கடன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு படித்தவர் என்பதால், வேளாண் பட்டதாரிகள் கவனிக்காமல் விடுகிற சில செய்திகள் அந்தக் குறிப்பேட்டில் உங்களுக்குக் கிடைக்கும்.