ஊதாவா, இளஞ்சிவப்பா?

கேள்வி: ஒரே கண்ணாடித் தகட்டில் ஒரே சாயங்களை ஊற்றியும் சில பாக்டீரியாக்கள் ஊதாவாகவும் சில இளஞ்சிவப்பாகவும் தெரிவது ஏன்?

பதில்: செல்சுவர்தான் காரணம். கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயமும் அயோடினும் முதலில் எல்லாவற்றையும் ஊதாவாக்கிவிடும். பிறகு ஆல்கஹால் விடும் அந்தச் சில நொடிகள்தான் முக்கியம். அப்போது என் மாணவர்களைப் பேசவே விடமாட்டேன். பெப்டிடோகிளைக்கான் என்ற வலைபோன்ற பொருளால் ஆன தடித்த சுவருள்ள ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா ஊதாவை விடாது. மெல்லிய சுவருள்ள ஈ.கோலை பாக்டீரியாவில் வெளிச்சவ்வு சிதைந்து சாயம் வெளியேறிவிடும். அடுத்து ஊற்றும் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் அதை இளஞ்சிவப்பாக்கும். ஆல்கஹாலால் கூடுதலாகக் கழுவினால் ஸ்டஃபைலோகாக்கஸும் ஊதா நிறமிழக்கும், நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மருந்தே தவறிவிடலாம்.

டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை இது. காசநோய்க் கிருமிக்கு இது உதவாது. அதன் மெழுகுச் சுவருக்குள் கார்பால் ஃபியூக்சின் என்ற சிவப்புச் சாயத்தை வழக்கமாகச் சூடேற்றித்தான் செலுத்துவோம். ஏறிய சிவப்பு அமிலம் கலந்த ஆல்கஹாலுக்கும் அகலாது.