அந்தப் பட்டையை அறுக்காதீர்கள்

வணக்கம் நண்பரே. நீங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் 1963 கார்வெட் ஸ்டிங் ரே காரின் சிறு மாதிரியில், பின்கண்ணாடியை இரண்டாகப் பிரிக்கும் பட்டை வார்ப்பில் வந்த பிழையா, அறுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அறுக்காதீர்கள்! அந்தக் காரின் உயிரே அதுதான்.

அதைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல், காரின் முதுகெலும்பு போல ஒரு கோடு அறுபடாமல் பின்னால் வரை ஓட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். லாரி ஷினோடா அதற்கு உருவம் கொடுத்தார். பொறியாளர் சோரா ஆர்கஸ்-டன்டோவோ, பின்னால் வருவது தெரியாது என்று எதிர்த்தார். 1963இல் மிட்செல் வென்றார். 1964இல் பட்டை போய்விட்டது. அதனால்தான் அந்த ஒரே ஆண்டில் வந்த 10,594 கூப்பேக்களை (நிலையான கூரை கொண்ட இரண்டு கதவுக் கார்களை)ச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். ஓட்டுபவருக்கு டன்டோவ் சொன்னதே சரி. ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் மிட்செல் பக்கமே சாய்கிறது.

பானெட்டையும் பாருங்கள். அலங்காரத்துக்காக மட்டும் வைத்த இரண்டு காற்றுச் சல்லடைகள் இருந்தால் அது 1963. அடுத்த ஆண்டில் சல்லடை நீங்கி, பள்ளம் மட்டும் எஞ்சியது. உங்கள் பெட்டியில் அவை தனித் துண்டுகளாக இருந்தால், வண்ணம் பூசிக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.