சித்திரை வெயிலில் குரோசான்ட்: வெண்ணெய் எப்போது ஓடியது?

கேள்வி: மன்னார்குடியில் இருக்கிறேன். வீட்டு ஓடிஜியில் (சின்ன மின்சார அடுப்பு) குரோசான்ட், அதாவது மாவுக்குள் வெண்ணெய் வைத்து மடித்து மடித்துச் செய்யும் அடுக்கு ரொட்டி, செய்கிறேன். ஒவ்வொரு முறையும் தட்டு முழுக்க வெண்ணெய் ஓடி, உள்ளே அடுக்கே இல்லாமல் வெறும் பன்னாகிவிடுகிறது. கடையில் கிடைக்கும் உப்பு வெண்ணெய், சாதாரண மைதா. வீடியோவில் சொன்ன அளவில் எதையும் மாற்றவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: அளவில் தப்பு இருக்காது. 500 கிராம் மைதாவுக்கு உள்ளே வைத்து மடிக்க 250 முதல் 280 கிராம் வெண்ணெய் என்பதுதான் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி உள்ள சமையலறையில் எடுத்தவை. நம் பக்கம் சித்திரை, வைகாசியில் பகல் வெயில் 36, 37 டிகிரியைத் தொடும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். 28-ஐத் தாண்டினாலே தளர்ந்து மாவுக்குள் இறங்க ஆரம்பிக்கும்.

இதே வெயிலில் நம் ஊர் பேக்கரியில் முட்டை பஃப்ஸ் மட்டும் எப்படி அடுக்கடுக்காக வருகிறது என்று கேட்கலாம். பல பேக்கரிகளில் அதற்குப் போடுவது பஃப் மார்ஜரின் என்ற, வெண்ணெய்க்குப் பதிலான கொழுப்பு. அது வெண்ணெயைவிட அதிக சூட்டில்தான் உருகும். தவிர, பஃப்ஸ் மாவில் ஈஸ்ட் கிடையாது, உப்ப விட வேண்டிய வேலையே இல்லை. குரோசான்ட்டில் ஈஸ்ட்டுக்குக் கதகதப்பு வேண்டும், வெண்ணெய்க்குக் குளிர்ச்சி வேண்டும். இரண்டும் ஒத்துப்போவது 24 முதல் 27 டிகிரி வரை மட்டும்தான். இந்த வேலையின் சிரமமெல்லாம் அந்த மூன்று டிகிரிக்குள்தான் இருக்கிறது.

வெண்ணெய் ஓடியது என்கிறீர்கள். எப்போது ஓடியது என்று அடுத்த முறை கவனியுங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. அடுப்பில் வைக்கும் முன்பே, உப்ப விட்ட தட்டில் மஞ்சள் ஈரம் தெரிந்தால் இடம் சூடு அதிகம். அடுப்பில் வைத்த பிறகு தட்டில் தேங்கினால், பெரும்பாலும் மாவு போதுமான அளவு உப்பவில்லை. அல்லது தேய்க்கும்போது எங்கோ கிழிந்திருக்கிறது. அடுப்பில் கொஞ்சம் கசிவது இயல்புதான், குளமாகத் தேங்கக் கூடாது.

ஆறியதும் ஒன்றை நடுவில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே ஒரே சீராகப் பஞ்சு போல இருந்தால் வெண்ணெய் மாவோடு கலந்துவிட்டது. மூன்றாக மடிப்பதை மூன்று முறை செய்தால் 27 வெண்ணெய் அடுக்கு வர வேண்டும். வெண்ணெயிலும் மாவிலும் உள்ள தண்ணீர் ஆவியாகி அந்த அடுக்குகளைத் தூக்குகிறது. அடுக்குகள் கலந்துவிட்டால் ஆவிக்குத் தூக்க எதுவும் இல்லை. நடுவில் பிசுபிசுவென்று வேகாத மாவுப் பட்டை தெரிந்தால் உப்பியது போதவில்லை, அல்லது வெந்தது போதவில்லை. ஒரு பக்கம் அடுக்கும் மறுபக்கம் கெட்டியுமாக இருந்தால், வெண்ணெய் அதிகம் குளிர்ந்து தேய்க்கும்போது உள்ளே துண்டு துண்டாக உடைந்திருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகை, அதாவது சூடு என்றே தோன்றுகிறது.

மடிக்கும் நேரத்துக்கு வருவோம். மதியத்தில் தொடவே தொடாதீர்கள். விடியற்காலை நான்கு, ஐந்து மணிதான் நல்லது. கிரானைட் மேடை பகல் சூட்டை ராத்திரி வரை வைத்திருக்கும். ஐஸ் கட்டி நிரப்பிய தட்டைக் கால் மணி நேரம் அதன் மேல் வைத்து, எடுத்தவுடன் ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தேயுங்கள். தட்டையாக்கிய வெண்ணெய்ப் பாளத்தை வளைத்தால் வெடிக்காமல் வளைய வேண்டும், விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. அது ஏறக்குறைய 13 முதல் 18 டிகிரி. நம் ஊரில் அந்த நிலை சில நிமிஷம்தான் நிற்கும், அதனால் ஒரு மடிப்பு, உடனே ஃபிரிட்ஜ், அரை மணி கழித்து அடுத்த மடிப்பு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவின் மேல் நம் புழுக்கத்துக்கு உடனே முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். அதை அப்படியே தேய்த்தால் கட்டையில் ஒட்டிக் கிழியும். மேல்மாவு தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு மடியுங்கள். தேய்க்கத் தேய்க்க மாவு பின்னுக்கு இழுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். புரோட்டா உருண்டையை ஊற விடுவதுபோல இதையும் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் விட்டால் தானே தளரும். மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

உப்ப விடுவதற்கு மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்று போதும். ஒரு மூலையில் துணி சுற்றிய ஐஸ் தண்ணீர் பாட்டில், உள்ளே ஒரு சின்ன வெப்பமானி. 26 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும்படி பாட்டிலை மாற்றிக்கொண்டிருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். தட்டை லேசாக ஆட்டினால் குரோசான்ட் தளதளவென்று ஆட வேண்டும், பக்கவாட்டில் அடுக்குக் கோடுகள் தெரிய வேண்டும். மார்கழி, தை விடியலில் 21, 22 டிகிரிக்கு இறங்கும்போது பெட்டியில் ஐஸுக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் போதும்.

உப்பு வெண்ணெயில் குறையில்லை, மாவில் போடும் உப்பைப் பாதியாகக் குறைத்தால் சரி. வீட்டில் கடைந்த வெண்ணெயை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அதில் மோரும் தண்ணீரும் கூடுதலாக இருக்கும், தேய்க்கும்போது பிரிந்து மாவைக் குழைத்துவிடும், அது முறுக்குக்கு. மைதா பாக்கெட்டில் 100 கிராமுக்குப் புரதம் 11 கிராமாவது இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மாவு பிசையும் பாலும் தண்ணீரும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும், இல்லையென்றால் மடிக்கும் முன்பே ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும்.

ஓடிஜியை 200 டிகிரியில் இருபது நிமிஷமாவது சூடாக்குங்கள். வைத்த பத்து நிமிஷத்தில் 180-க்குக் குறைத்து, அடிப்பக்கமும் நன்றாகச் சிவக்கும் வரை விடுங்கள். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடும் அவசரம் பலருக்கு உண்டு; அதற்கும் கொஞ்சம் மேலே போகலாம்.

அடுத்த முறை இவ்வளவையும் ஒன்றாக மாற்ற வேண்டாம். மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. மைதா, வெண்ணெய், ஓடிஜி எல்லாம் பழையபடியே இருக்கட்டும். உப்ப விடும் இடத்தை மட்டும் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, வெட்டிய குறுக்குப் பக்கத்தைப் படமெடுத்து, தேதியும் டிகிரியும் எழுதி வையுங்கள். அதிலும் அடுக்கு வரவில்லையென்றால் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள், மடிப்பிலிருந்து பார்ப்போம்.