எழுத்தறிவுக் கணக்கு ஏன் இடிக்கிறது?

கேள்வி: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எங்கள் கிராமத்தில் எழுத்தறிவு பெற்றவர்களின் எண்ணிக்கையை மொத்த மக்கள்தொகையால் வகுத்தேன். அரசு அட்டவணையில் உள்ள சதவீதத்தைவிடக் குறைவாக வருகிறதே?

பதில்: தவறு வகுக்கும் எண்ணில்தான். ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை முதலில் கழித்துவிட வேண்டும். 1,200 பேரில் குழந்தைகள் 150, எழுத்தறிவு பெற்றவர்கள் 756 என்று வைத்துக்கொள்வோம். 1,050-ஆல் வகுத்தால் 72 சதவீதம். 1,200-ஆல் வகுத்தால் 63. ஆறு வயதுப் பிள்ளை சரளமாக வாசித்தாலும் கணக்கில் சேராது.

அதைவிட முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். பட்டியல் சாதி என்ற கட்டத்தில் இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள் மட்டுமே வருவார்கள். தலித் கிறிஸ்தவர்கள் வாழும் தெரு முழுக்க அதில் விடுபட்டிருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பித் தண்ணீர்த் தொட்டிக்கு மனு எழுதினால் அந்தக் குடும்பங்களுக்கு அநியாயம். வீடு வீடாகப் போய் எண்ணி எழுதுங்கள். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு கிடையாது.

பாலின விகிதத்துக்குப் பெண்களை ஆண்களால் வகுத்து 1,000-ஆல் பெருக்குங்கள். ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போன ஊரில் அது 1,000-ஐத் தாண்டலாம்; அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வேலைக்கு வெளியூர் போகாத 0–6 வயதுக் குழந்தைகளுக்குத் தனியே போட்டுப் பாருங்கள்.